லட்சம் கிலோமீட்டருக்கு முன்பே கியர்பாக்ஸும் எஞ்சினும் ஏன் போகின்றன?

கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டையைத் தாண்டி புளியரை எஸ் வளைவுப் பக்கம் போனால் கிளட்ச் கருகும் வாடை மூக்கில் ஏறும். முன்னால் கல்லும் ஜல்லியும் ஏற்றிய லாரி, பின்னால் சபரிமலைக்குப் போகும் வேன், அதன் பின்னால் இன்னொரு வேன். எல்லாம் அங்குலம் அங்குலமாக நகரும். மேட்டில் நிற்கும் வண்டி பின்னால் உருளாமல் இருக்க, ஓட்டுநர் கிளட்சைப் பாதி மிதித்து ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியபடி தாங்கிப் பிடித்திருப்பார். அந்த அரை மணி நேரத்தில் மீட்டரில் ஏறியது ரெண்டு கிலோமீட்டர்தான். கிளட்ச் பிளேட் தேய்ந்ததோ சாதா ரோட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடினால் தேயும் அளவு.

"லட்சம்கூட ஓடல, அதுக்குள்ள கியர்பாக்ஸ் போயிட்டு" என்று புலம்புகிறவர்கள் பார்ப்பது இந்த மீட்டரைத்தான். அது சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை மட்டும் சொல்லும். எஞ்சின் எவ்வளவு நேரம், எவ்வளவு பாரத்தோடு, எவ்வளவு சூட்டில் உழைத்தது என்பது அதற்குத் தெரியாது. குடும்ப வேன்களில் இந்த ரெண்டு கணக்குக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழுகிறது.

பாரத்தை முதலில் எண்ணிப் பார்ப்போம். ஏழு, எட்டு இருக்கை உள்ள பெரும்பாலான வண்டிகளின் தாங்குதிறன் ஆட்களும் சாமானும் சேர்த்து 500 முதல் 650 கிலோவுக்குள் இருக்கும். பெரியவர்கள் எட்டுப் பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 520. மடியில் ரெண்டு பிள்ளைகள், ஒரு 50. மேலே கேரியரில் பைகள், அரிசி, சமையல் பாத்திரம், சின்ன சிலிண்டர் என்று இன்னொரு 120. ஆக 690 கிலோ. குற்றாலச் சீசனுக்கோ குலசை தசராவுக்கோ கிளம்பும் வண்டி வீட்டு வாசலிலேயே வரம்பைத் தாண்டிவிடுகிறது. கேரியரில் கட்டிய மூட்டை காற்றையும் தடுக்கும். நாங்குநேரி, வள்ளியூர் நாற்கரச் சாலையில் நூறில் போகும்போது எஞ்சினுக்கு அது தனிச் சுமை. ஏசி வேறு கம்ப்ரெசரைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஐந்து பேர் போகும் காரும் இந்த வேனும் ஒரே 10,000 கிலோமீட்டர் ஓடினாலும் உள்ளே நடக்கிற தேய்மானம் ஒன்றல்ல.

வண்டியோடு வரும் கையேட்டில் கடுமையான பயன்பாடு என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். அதிக பாரம், மலை ஏற்றம், புழுதி, நீண்ட நேரம் நிறுத்திவைத்து எஞ்சின் ஓட்டுவது, குறைந்த தூரப் பயணங்கள் இவையெல்லாம் அதில் வரும். ஆயிலையும் ஃபில்டரையும் பாதித் தூரத்திலேயே மாற்று என்று அந்த அட்டவணை சொல்லும். திருநெல்வேலிச் சீமையில் ஓடும் குடும்ப வண்டிக்குப் பொருந்துவது அதுதான். ஆனால் சர்வீஸ் சென்டரில் கண்ணாடியில் ஒட்டிவிடும் ஸ்டிக்கரில் இருப்பது சாதா அட்டவணையின் கணக்கு.

சூடுதான் எல்லாவற்றுக்கும் மூலம்

எஞ்சின் எரிக்கும் எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். மீதி ஒரு பங்கைத் தண்ணீரும் ஆயிலும்தான் தூக்கிச் சுமந்து ரேடியேட்டரில் இறக்க வேண்டும். பாரம் கூடினால் எரிபொருள் கூடும். எரிபொருள் கூடினால் இறக்க வேண்டிய சூடும் கூடும். சாதாரண நாளில் சமாளிக்கிற ரேடியேட்டர், பாதி அடைத்துக்கொண்டிருந்தால், ஆரியங்காவு ஏற்றத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆயில் ஏன் கெடுகிறது என்பதும் இதில் அடங்கும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலுக்குப் பட்டறைகளில் ஒரு கைக்கணக்கு உண்டு: 80, 90 டிகிரியில் நிம்மதியாக இருக்கும் ஆயில், அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுளில் பாதியை இழக்கும். 120 டிகிரியில் ஓடும் ஆயில் 90 டிகிரியில் ஓடுவதைப் போல எட்டில் ஒரு பங்கு நாள்தான் உழைக்கும். கெட்ட ஆயில் பல் சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்காது. படலம் விலகினால் இரும்பு இரும்பை உரசும். உரசினால் இன்னும் சூடு. கியர்பாக்ஸ் போவது பல நேரம் இப்படி ஒரு சுழலில்தான்.

கையால் கியர் போடும் வண்டி

இதில் முதலில் போவது கியர்பாக்ஸ் அல்ல, கிளட்ச். ரெண்டையும் ஒன்றாகப் பேசிக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலுக்கும், அதை நோக்கி அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் சாண்ட்விச் போல நசுங்கி நிற்கிறது. பெடலை முழுதாக விட்டால் மூன்றும் ஒன்றாகச் சுற்றும், தேய்மானமே இல்லை. முழுதாக மிதித்தால் விலகிவிடும். அப்போதும் பிளேட் தேயாது, ஆனால் அதை விலக்கிப் பிடிக்கும் ரிலீஸ் பேரிங் சுற்றிக்கொண்டிருக்கும். பாதியில் நிறுத்தினால்தான் வினை. ஃப்ளைவீல் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்ற, நின்றுபோன பிளேட் அதன் மேல் அப்பளம் போலக் காய்கிறது. ஹாஃப் கிளட்ச் என்று நாம் சொல்வது இதைத்தான். நிதானமான கையில் கிளட்ச் லட்சத்தைத் தாண்டும். முப்பதாயிரத்தில் தீர்ந்த கிளட்சும் உண்டு.

மேட்டில் நெரிசல் என்றால் செய்ய வேண்டியது இது. முன்னால் ரெண்டு வண்டி நீளத்துக்கு இடம் விழும்வரை நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு நிற்க வேண்டும். இடம் விழுந்ததும் முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு நகர்ந்து, மறுபடி நிற்க வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும், கிளட்ச் மாற்றும் செலவு அவர்கள் தரப்போவதில்லை.

கிளட்ச் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது. சமதரையில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில், ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு நான்காம் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடவும். எஞ்சின் உடனே இருமி நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு முறை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே கிளட்சைத் தின்றுவிடும்.

"அண்ணாச்சி, மேட்டுல இழுக்கவே மாட்டேங்கு, சத்தம் மட்டும் ஏறுது" என்று வண்டியைக் கொண்டுவந்தால் பாதி நேரம் கிளட்ச்தான். கியர்பாக்ஸைக் கீழே இறக்கினால் பிளேட்டை மட்டும் மாற்றி ஏற்றிவிடக் கூடாது. கூலி முழுக்க இறக்கி ஏற்றுவதில்தான் இருக்கிறது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாகப் போட வேண்டும். ஃப்ளைவீலில் நீலத் திட்டு, மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம். கசிகிற சீலை விட்டுவிட்டுப் புதுப் பிளேட் போட்டால், ஆயில் பட்டு அதுவும் சில மாதத்தில் வழுக்கும்.

பல டீசல் வண்டிகளில் ஃப்ளைவீல் ரெண்டு துண்டாக, நடுவில் ஸ்பிரிங் வைத்து வரும். டூயல் மாஸ் என்பார்கள். எஞ்சினை நிறுத்தும்போது டங்கென்று உலோகச் சத்தம் கேட்டாலோ, ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) வரும் நடுக்கம் கிளட்ச் மிதித்தால் மாறினாலோ சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். கிளட்ச் செட்டைவிட விலை கூடுதல் என்பதால் எஸ்டிமேட் கேட்கும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.

கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயிலைப் பற்றிப் பலருக்கு நினைப்பே இருப்பதில்லை. இதில் ஒரு நுணுக்கம். கடைகளில் 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்று எண் மட்டும் சொல்லி வாங்கிவிடுகிறார்கள். அதோடு ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று ஒரு தரமும் டப்பாவில் இருக்கும். ஜிஎல்-5 டிஃபரென்ஷியலுக்கு, அதாவது சுழற்சியை ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பெட்டிக்கு ஏற்றது. அதில் கந்தகச் சேர்மானம் அதிகம். கியர்பாக்ஸுக்குள், கியர் மாறும்போது பல் சக்கரத்தின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் ஒன்றாக்கும் சிங்க்ரோனைசர் வளையங்கள் பெரும்பாலும் பித்தளை. ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் அந்த வளையம் அரிக்கலாம், பிடிப்பும் குறையலாம். அப்புறம் மூன்றிலிருந்து ரெண்டுக்குக் குறைக்கும்போது கர்ர் என்று பல் உரசும். கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதுதான். 'நல்ல ஆயில்' என்று பொதுவாக ஒன்று கிடையாது.

ஆட்டோமேட்டிக்

இங்கே கிளட்ச் பெடல் இல்லை. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்ற உருண்டைக் கூடு. ஒரு மின்விசிறியை ஓடவிட்டு எதிரே இன்னொரு விசிறியை வைத்தால் அதுவும் சுற்றுமே, அதே வேலைதான்; காற்றுக்குப் பதில் ஆயில். ரெண்டாவது விசிறி எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே சுற்றும். அந்த வித்தியாசம் முழுவதும் சூடாக மாறி ஆயிலில் இறங்கும். நெடுஞ்சாலை வேகத்தில் ரெண்டையும் உள்ளே ஒரு கிளட்ச் பூட்டிவிடும், சூடு குறையும். மலையில் முதல், ரெண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது பூட்டு பெரும்பாலும் விழாது. ஆயில் கடுமையாகச் சூடேறுகிற நேரம் அதுதான்.

குடும்ப வேன்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சீக்கிரம் போவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் கிரைஸ்லர் 1989 மாடல் வேன்களில் அல்ட்ராடிரைவ் என்ற நாலு கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. அதற்கென்று தனி ஆயில் தேவை. சாதா டெக்ஸ்ரான் ஆயிலும் சரிதான் என்ற தவறான குறிப்பை நம்பி ஊற்றியதால் ஏராளமான கியர்பாக்ஸ்கள் கெட்டன. 2004-இல் ஹோண்டா, ஒடிசி வேனையும் சேர்த்து சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ரெண்டாம் கியருக்கு ஆயில் போதாமல் சூடேறி, பல் உடையும் ஆபத்து இருந்தது. குறைவாக ஓடிய வண்டிகளில் அவர்கள் செய்த மராமத்து என்ன தெரியுமா? கூலரிலிருந்து திரும்பிவரும் ஆயிலை அந்தக் கியரின் மேல் கூடுதலாகப் பாய வழி செய்தார்கள். பத்து ரூபாய் ஆயில் போய்ச் சேராத இடத்தில் லட்ச ரூபாய்ப் பெட்டி போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

நம் வண்டிக்கு வருவோம். 'இது ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத ஆயில்' என்று ஷோரூமில் சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். மலை, பாரம், வெயில் மூன்றும் பார்க்கும் வண்டிக்கு 50,000 முதல் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவது எங்கள் பரிந்துரை. கீழே போல்ட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலும் வராது. 30 முதல் 50 சதவீதம்தான் வரும். மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் நின்றுவிடும். அதனால் ஒரு முறை வடித்து ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றி, இப்படி ரெண்டு மூன்று தடவை செய்வார்கள். அளவு பார்ப்பதும் எஞ்சின் ஆயில் போலக் குளிர்ந்த நிலையில் அல்ல. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டிய பெட்டிகள் பல. ஆயிலின் சூட்டைக் காட்டும் ஸ்கேனர் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

வடிந்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். புது ஆயில் பெரும்பாலும் சிவப்பு. பழுப்பு என்றால் வயதாகிவிட்டது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. கீழ்த் தொட்டியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. கையில் நெருடும் துகள் இருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கும் பெட்டியை ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எரிந்த தட்டு புது ஆயிலில் முளைத்துவிடாது.

ஓட்டுகிற பழக்கத்தில் மூன்று விஷயம் போதும். வண்டி முழுதாக நிற்காமல் ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றக் கூடாது. சரிவில் பார்க்கில் போடும் முன் ஹேண்ட்பிரேக் போட வேண்டும். இல்லையென்றால் மொத்த பாரமும் பென்சில் தடிமன் இரும்பு நாக்கு ஒன்றில் தொங்கும். இறக்கத்தில் நியூட்ரலில் விடக் கூடாது. கூடவே ஒன்று: வண்டி நின்றுபோனால் டிரைவ் சக்கரம் (எஞ்சினோடு இணைந்த சக்கரம்) தரையில் உருள, கயிறு கட்டி இழுத்துவரக் கூடாது. கியர்பாக்ஸின் ஆயில் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. எஞ்சின் ஓடாமல் சக்கரம் உருண்டால், ஆயில் சொட்டுகூட இல்லாமல் உள்ளே எல்லாம் சுற்றும். வள்ளியூரில் நின்ற வண்டியைப் பாளையங்கோட்டைவரை இழுத்துவந்தால், நின்றதற்கான காரணம் சின்னதாக இருந்தாலும் வந்து சேரும்போது கியர்பாக்ஸும் போயிருக்கும். பிளாட்பெட் லாரியில் தூக்கி வைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

விலை குறைந்த ஏழு இருக்கை வண்டிகளில் வரும் ஏஎம்டி வேறு சாதி. அது சாதா கியர்பாக்ஸ். கிளட்சை ஒரு மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவே. மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தியே வண்டியைத் தாங்கிப் பிடித்தால் அதுவும் ஹாஃப் கிளட்ச்தான்.

போர் தண்ணீர்

ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் தண்ணீரில் துவரை வேகாது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றத் தயங்குவதில்லை. அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் பாறை போலப் படியும். குளோரைடு அலுமினியத்தைப் பொடிப்பொடியாக அரிக்கும். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்தான் இருக்கிறது. அது துருப்பிடித்துப் பொத்துப்போனால் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போய்விடும். ஆயில் ரோஸ் மில்க் நிறத்துக்கு மாறும். அப்புறம் ரெண்டு பக்கமும் செலவு.

ஊற்ற வேண்டியது கூலன்ட். கான்சென்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும்; ரெடி மிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் உள்ளே ஒரு பார் அழுத்தம் தாங்கினால் அதே தண்ணீர் கொதிக்க 120 டிகிரி ஆகும். மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் அந்த இருபது டிகிரி போச்சு. சில நூறு ரூபாய் மூடிக்காக ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடியில் உள்ள பிளாக்குக்கும் நடுவில் வரும் தகடு) போன வண்டிகள் எவ்வளவோ.

'நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு' என்று கழற்றி எறிகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. தெர்மோஸ்டாட் 80, 88 டிகிரிவாக்கில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவரும் குறுக்கு வழியை அடைக்கவும் செய்யும். அதைக் கழற்றினால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும்; தண்ணீரில் ஒரு பங்கு குளிராமலே எஞ்சினுக்குத் திரும்பும். குளிர்ச்சி கூடும் என்று கழற்றியவர், மலை ஏற்றத்தில் கூடுதல் சூட்டை விலைக்கு வாங்கியிருப்பார்.

சூட்டு முள்ளை நம்புவதிலும் ஒரு கண்ணி. பல வண்டிகளில் 75 டிகிரியிலும் 105 டிகிரியிலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவர் பயப்படாமல் இருக்க. அது அசைந்து மேலே போகிறது என்றால் நேரம் கடந்துவிட்டது. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் கொட்டிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்கும். ஏசி திடீரென்று சூடான காற்றைத் தள்ளுவது, மேட்டில் எஞ்சின் சோர்வது, டிக் டிக் என்று தட்டுவது இவையெல்லாம் முள்ளைவிட நேர்மையான சேதி.

முள் ஏறினால் முதலில் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஓரமாக நிறுத்துங்கள். ஆவி எழாமல், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் ஐடிலில் ரெண்டு நிமிடம் விடலாம். ஆவி வந்தாலோ முள் இறங்காவிட்டாலோ உடனே ஆஃப். பானெட்டைத் திறந்து அரை மணிக்கு மேல் காத்திருங்கள். மூடியைச் சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். டீக்கடை வாளித் தண்ணீரை எஞ்சின் மேல் ஊற்றுவதுதான் இருப்பதிலேயே மோசம். ஹெட் அலுமினியம், அடியில் பிளாக் பல வண்டிகளில் வார்ப்பிரும்பு. காய்ந்த ஹெட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணிவிடும்.

கோணிய ஹெட்டின் அடியில் கேஸ்கட் பிடிக்காது. கூலன்ட் எங்கேயும் சொட்டாமல் குறைவது, காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஆயில் மூடியின் அடியில் மோர் போலப் படிவது, ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி வருவது இவற்றில் ரெண்டு சேர்ந்து இருந்தால் அது ஹெட் கேஸ்கட் என்று வைத்துக்கொள்ளலாம். நெடுக்காக எஞ்சின் வைத்த டீசல் வேன்களில் ஃபேன் பெல்ட்டில் ஓடும். அதன் நடுவில் சிலிகான் எண்ணெய் நிரம்பிய விஸ்கஸ் கப்ளிங். எஞ்சினைச் சூடாக நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். இறுக்கமாக நின்றால் நல்லது. காற்றாடி போல நாலைந்து சுற்று ஓடினால் கப்ளிங் செத்துவிட்டது.

எஞ்சின் ஆயில், புழுதி, வெள்ளம்

டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு லிட்டர். மாதம் ரெண்டு முறை, காலையில் வண்டி எடுக்கும் முன், சமதரையில் பார்க்க வேண்டும். குறைந்தால் கவலைப்படுகிறவர்கள் கூடியிருந்தால் மகிழ்ந்துவிடுகிறார்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக் கரியை எரிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டியில் அந்த எரிப்பு பாதியில் நின்று, மிஞ்சிய டீசல் ஆயிலில் கலக்கும். மட்டம் மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடை அடித்தால் ஆயில் நீர்த்துவிட்டது என்று பொருள். கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். மாதத்துக்கு ரெண்டு முறை கங்கைகொண்டான், கயத்தாறு வரை நாற்கரச் சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. இவ்வகை வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும். பழைய டிராக்டர் ஆயில் டப்பாவை நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

ஆயில் மாற்றாமல் தள்ளிப்போட்டால் உள்ளே தார் போலக் கெட்டியாகும். 1998 முதல் 2002 வரையிலான டொயோட்டா சியன்னா வேன் எஞ்சின்கள் அமெரிக்காவில் இந்தத் தார்ப் பிரச்சினைக்குப் பேர் போனவை. பெயர் பெற்ற கம்பெனி என்பதால் ஆயில் தப்பிக்காது. அந்தத் தார் முதலில் அடைப்பது ஆயில் உறிஞ்சும் வலையை. ஐடிலில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கினால் அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். சில நிமிடத்தில் பேரிங் ஒட்டி எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

டர்போ உள்ள வண்டியை நாற்கரச் சாலையிலிருந்து இறக்கி ஹோட்டல் வாசலில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிடம் ஐடிலில் விட வேண்டும். காய்ந்து சிவந்த டர்போவின் தண்டில் நிற்கும் ஆயில் ஓட்டம் நின்றதும் கரியாகிவிடும்.

திசையன்விளை, இட்டமொழிப் பக்கத்துத் தேரிச் செம்மண் மாவு போல நைசாக இருக்கும். ஏர் ஃபில்டரைக் கம்ப்ரெசரால் ஊதியே வருடக்கணக்கில் ஓட்டினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். உள்ளே போகும் மண் சிலிண்டரை எமரித்தாள் போலத் தேய்க்கும். ஃபில்டருக்குப் பின்பக்கக் குழாயில் விரலை விட்டுப் பாருங்கள். விரலில் சிவப்பு ஒட்டினால் மண் ஏற்கெனவே எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது; தாமிரபரணி கரை மீறியதில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான் பெரிய தவறு. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்க பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி கழற்றி, பிளக்கையோ இன்ஜெக்டரையோ எடுத்து, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட். இதில் எல்லாரும் மறப்பது கியர்பாக்ஸை. கியர்பாக்ஸுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் மேலே மூச்சுக்குழாய் ஒன்று இருக்கிறது. சூடான பெட்டி தண்ணீரில் குளிர்ந்ததும் அந்த வழியாக வெள்ளத்தை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சின் ஓடுகிறது என்று எடுத்துப் போனவர்களுக்கு மாதங்கள் கழித்துப் பேரிங் துருப்பிடித்து ஊளையிட ஆரம்பிக்கும். இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்புக்குத் தனி இணைப்பு உண்டு. சாதா பாலிசியில் தண்ணீர் புகுந்து எஞ்சின் போனதைக் கம்பெனிகள் பெரும்பாலும் தள்ளிவிடும்.

போன பிறகு

வாரண்டிக்குள் போனால் வழக்கடிக்க உதவுவது காகிதம்தான். ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் தேதி, மீட்டர் அளவு, ஆயிலின் தரம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். 'ஆயில் சேஞ்ச்' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். குறையை வாயால் சொல்லாமல் ஜாப் கார்டில் ஏற்றச் சொல்லுங்கள். வாரண்டி முடிவதற்கு முன்பே குறை இருந்தது என்பதற்கு அதுவே ஆதாரம். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் வருடச் சட்டப்படி குறை எழுந்த ரெண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் உற்பத்திக் குறை என்று சொல்ல, தகுதியுள்ள பொறியாளர் ஒருவரின் எழுத்து அறிக்கை இல்லாமல் போனால் வழக்கு நிற்பது சிரமம். பெட்டியைத் திறக்கும் முன்பே அவரை அழைக்க வேண்டும். திறந்து கழுவிய பிறகு அவர் பார்க்க ஒன்றும் இருக்காது.

வாரண்டி முடிந்து வெளிப் பட்டறையில் கொடுக்கிறீர்கள் என்றால், கழற்றிய பழைய பாகங்கள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தரச் சொல்லுங்கள். ஹெட் வேலை என்றால், ஹெட்டைத் துடைத்து வைத்து, அதன் மேல் நேர்க்கோல் ஒன்றைக் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று உங்கள் எதிரே பார்க்கச் சொல்லுங்கள். நுழைந்தால் கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிட்டு, தாண்டியிருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். நுழையாவிட்டால் எஸ்டிமேட்டில் 'ஹெட் ஃபேசிங்' என்று போட்டிருக்கும் வரியை அங்கேயே அடித்துவிடலாம்.